யேல் லெக்சர் நாலாவதோடு நின்றுவிட்டது. அரசியல் அறிவியலை எங்கிருந்து பிடிப்பது?

நூல்கண்டு:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், வயது 38, பி.காம் அஞ்சல் வழியில் முடித்தது. அரசியல் அறிவியல் பக்கமே போனதில்லை. பள்ளியில் குடிமையியல் என்று பின்னால் சில பாடம் இருக்கும், அதையும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்ததுதான்.

கவர்னர் மசோதா விவகாரம் டிவியில் ஓடிக்கொண்டிருந்த நாளில் என் பையன் சாப்பிட உட்கார்ந்தவன் கேட்டான், சட்டசபையில் எல்லாரும் சேர்ந்து நிறைவேற்றியதை ஒருத்தர் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கலாமா, நாம் ஓட்டுப் போட்டவர் பெரியவரா அவர் பெரியவரா என்று. ஏதோ பதில் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, நான் சொன்னது எல்லாம் முந்தின நாள் விவாதத்தில் யாரோ கத்தினது. என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

தேடினதில் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்புகளை அப்படியே படம் பிடித்து இலவசமாகப் போட்டிருப்பது கிடைத்தது. ஸ்டீவன் ஸ்மித் என்ற பேராசிரியரின் அரசியல் தத்துவ அறிமுகம், மொத்தம் 24 லெக்சர், 2006இல் எடுத்தது. முதல் மூன்றும் நன்றாகவே போனது, சாக்ரடீஸ் மேல் வழக்கு, தப்பிக்க வழி இருந்தும் ஓடாமல் ஜெயிலிலேயே இருந்தது, கதை கேட்கிற மாதிரி இருந்தது. நாலாவதில் பிளேட்டோவின் குடியரசு என்ற நூல் ஆரம்பித்தது, அங்கே வண்டி நின்றுவிட்டது. கம்பெனி மெயில் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வரும், ஒரு மணி நேரம் கேட்டால் பாதியில் காது மூடிக்கொள்கிறது. யூடியூபில் தமிழ் சப்டைட்டில் வைத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம். அவர் ஸ்டேட் என்று சொல்கிற இடத்தில் எல்லாம் மாநிலம் என்று வருகிறது. கிரேக்க நாட்டில் எத்தனை மாநிலம் இருந்தது என்று நான் பத்து நிமிஷம் தேடினது தனிக் கதை.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். பரீட்சை எழுதுகிற எண்ணம் இல்லை, ஆனால் சான்றிதழ் மாதிரி ஒன்று கையில் இருந்தால் விடாமல் படிப்பேனோ என்றும் ஒரு யோசனை. இதையே விடாப்பிடியாகப் பார்க்கவா, வேறு இடத்தில் ஆரம்பிக்கவா? தமிழில் எதுவும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பலகை:

அம்மா, நான் அரசு கல்லூரிகளில் இருபத்திரண்டு வருடம் இதே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நடத்தினேன் என்பதைவிட நோட்ஸ் சொன்னேன் என்பதுதான் சரி. ஹாப்ஸ், லாக், ரூசோ ஆகிய மூன்று தத்துவ அறிஞர்களின் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை ஒப்பிடுக, பத்து மார்க். மூன்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்று வைத்திருந்தேன், வருஷா வருஷம் அதையே எழுதிப்போட்டேன், பிள்ளைகளும் அதையே எழுதி பாஸ் ஆனார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் நீங்கள் சொல்கிற அந்த லெக்சர்களை முழுக்கக் கேட்டேன். ஹாப்ஸுக்கு மட்டும் மூன்று வகுப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதல் வேலையாக அந்தத் தமிழ் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். ஸ்டேட் என்றால் இந்தப் பாடத்தில் அரசு. ரைட் என்பது உரிமை, அது சில இடத்தில் வலது என்று வந்து நிற்கும். யேலின் தளத்தில் ஒவ்வொரு லெக்சருக்கும் முழு உரையும் எழுத்தாகவே இருக்கிறது, அதை எடுத்து முதலில் படித்துவிடுங்கள், தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டு மேலே பொருள் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் வீடியோவைப் பாருங்கள். படித்ததைக் கேட்கும்போது காது மூடாது. வாரத்துக்கு ஒரு லெக்சர் போதும்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். நீங்கள் பிளேட்டோவைத் தேடி வரவில்லை, கவர்னரைத் தேடி வந்தீர்கள். அந்தக் கேள்வியை ஏன் கீழே போட்டுவிட்டு ஏதென்ஸுக்குப் போனீர்கள்? அதையே பிடித்துக்கொண்டு போங்கள், நல்ல கேள்வி அது. அரசியலமைப்பின் 200ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள், ஒரு பக்கம்கூட வராது, தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கும். கவர்னர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் அனுப்பவேண்டும். கூடிய விரைவில் என்றால் எத்தனை நாள்? எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை சண்டையும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் நம் ஊர் மசோதாக்கள் 10க்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்றார்கள், கெடுவும் விதித்தார்கள். அதே வருடம் நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, நீதிமன்றம் அப்படிக் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். இரண்டையும் படிக்கிறவருக்கு அரசு, அதிகாரம், யார் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் தானாக வரும்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, வகுப்பில் நான் ஒரு தடவைகூடச் சொல்லாதது. 1947 ஜூலையில், நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை என்ன முடிவு செய்தது தெரியுமா? கவர்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று. ஆம், எம்.எல்.ஏ மாதிரி. இரண்டு வருடம் கழித்து 1949 மே கடைசியில் அதை மாற்றி நியமனம் என்று ஆக்கினார்கள். மாற்றினதற்குக் காரணம் எளிது, மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி ஜெயித்த கவர்னரும் ஓட்டு வாங்கி வந்த முதலமைச்சரும் ஒரே கோட்டையில் உட்கார்ந்தால் இரண்டு கத்தி ஒரு உறையில் போட்ட கதைதான் என்று பயந்தார்கள். சரி, நியமித்தால் மத்திய அரசின் ஆளாகிவிடுவாரே என்ற கேள்வியும் அங்கேயே எழுந்தது. சபை உறுப்பினரான நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, கவர்னர் மத்திய அரசின் ஏஜென்டாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் தனக்குக் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அந்த விவாதங்கள் பன்னிரண்டு தொகுதியும் இணையத்தில் இலவசம். அந்த இரண்டு நாள் பேச்சை மட்டும் எடுங்கள். எந்தப் பல்கலைக்கழக லெக்சரும் அதற்கு ஈடு வராது, உங்கள் பையனின் கேள்வியையே அவர்கள் கேட்டு அடித்துக்கொள்கிறார்கள்.

இதை முடித்த பிறகு தத்துவத்துக்கு வாருங்கள், ஆனால் ஸ்மித்திடம் இல்லாமல் அதே யேலில் இயன் ஷாப்பிரோவிடம். அரசியலின் தார்மீக அடித்தளம் பற்றிய பாடம், 2010இல் எடுத்தது, 25 லெக்சர். அவர் ஐக்மனில் ஆரம்பிக்கிறார். யூதர்களைச் சாவு முகாமுக்கு ரயிலேற்றிய நாஜி அதிகாரி, நான் சட்டப்படி மேலே சொன்னதைச் செய்தேன் என்றவன். அவனை 1960இல் அர்ஜென்டினாவிலிருந்து இஸ்ரேல் கடத்திக்கொண்டு வந்தது, அது எந்தச் சட்டத்திலும் சேராது. அவனிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன, அவனைப் பிடித்த விதத்தில் பிடிக்காதது என்ன என்று மாணவர்களிடம் கேட்கிறார். இரண்டு பக்கமும் பதில் சொல்லிப் பார்த்தால்தான் முடிச்சு தெரியும். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவன் குற்றவாளி, சட்டத்தை மீறினவர்கள் செய்தது நியாயம் என்றால், அரசுக்கு நாம் ஏன் கட்டுப்படவேண்டும்? லெஜிட்டிமஸி என்ற சொல்லை நம் பாடநூலில் சட்டபூர்வத்தன்மை என்று எழுதி முழு விஷயத்தையும் கொன்றுவிட்டோம். ஐக்மனுக்கு இருந்ததே அதுதானே. ஆள்கிறவருக்கு ஆளும் தகுதி உண்டு என்று ஆளப்படுகிறவர் ஏற்பது, அதற்கு ஒற்றைச் சொல் இன்னும் எனக்குச் சரியாக அகப்படவில்லை.

தமிழில் கேட்டீர்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல் பிடிஎஃப் அரசே தருகிறது, கலைச்சொல்லுக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன குறை இருந்தாலும் கைக்கு உதவும்.

மூன்றாவது முயற்சி:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குரூப் தேர்வுக்கு இதைப் பின்பற்றாதீர்கள், நான் பின்பற்றி ஒரு வருடத்தைத் தொலைத்தேன். அங்கே எந்தப் பிரிவு, எந்தத் திருத்தம், எந்த வருடம் என்றுதான் கேட்பார்கள், ஐக்மன் வரமாட்டார். அக்காவுக்குத் தேர்வு இல்லை என்பதால் பிரச்சினை இல்லை.

சான்றிதழ் பற்றி: யேல் லெக்சருக்கு எதுவும் தரமாட்டார்கள், பார்ப்பது மட்டும்தான். நம் நாட்டில் ஸ்வயம், என்.பி.டி.இ.எல் என்ற இணையவழிப் பாடத் தளங்கள் இருக்கின்றன, ஐ.ஐ.டி பேராசிரியர்கள் நடத்துகிற அரசியல் கோட்பாடு, இந்திய அரசியல் சிந்தனை மாதிரிப் பாடங்கள் வரும், ஜனவரியில் ஒரு சுற்று ஜூலையில் ஒரு சுற்று. பாடம் இலவசம், பரீட்சை எழுதினால் மட்டும் ஆயிரம் ரூபாய், நேரில் சென்டருக்குப் போய் எழுதவேண்டும். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. நான் ஒன்று எழுதினேன், அசைன்மென்ட் கடைசி நாள் என்று ஒன்று இருப்பதால் வாரம் தவறாமல் உட்கார்ந்தேன், அந்த ஒரு லாபம்தான். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. வாரம் ஒருவர் கேள்வி கேட்டுத் துளைத்தால் போதும் என்றால் உங்கள் பையனே போதும், ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இன்னொன்று, இங்கிலீஷ் கேட்க சிரமம் என்றால் ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நடத்தின நீதி பற்றிய தொடரில் ஆரம்பியுங்கள். 12 எபிசோட். அரங்கம் நிறைய மாணவர்கள், அவர்களைப் பேசவிட்டுத்தான் நடத்துவார், அதனால் ஒரே குரல் கேட்டுத் தூக்கம் வராது.

வடமராட்சியான்:

வணக்கம் அக்கா. நான் உயர்தரத்தில் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) அரசியல் விஞ்ஞானம் படித்தவன், இலங்கையில் பருத்தித்துறைப் பக்கம். எங்களுக்கும் அதே நோட்ஸ்தான், ஐயா கவலைப்பட வேண்டாம்.

லெக்சர் கேட்பதற்கு என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் என் நாட்டிலிருந்து ஒரு கணக்கை எடுத்து வைத்துப் பார்ப்பேன். பொருந்தினால் விளங்கிவிட்டது. பொருந்தாவிட்டால் ஏன் என்று பார்க்கும்போது இன்னும் நன்றாக விளங்கும். தேர்தல் முறைகள் பற்றி ஒரு விரிவுரை கேட்டபோது, தொகுதியில் கூடுதல் வாக்கு எடுத்தவரே வெற்றி என்ற முறை வாக்கையும் ஆசனத்தையும் பிரித்துவிடும் என்றார்கள். சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். பிறகு எங்கள் 1977 தேர்தல் முடிவை எடுத்து எழுதிப் பார்த்தேன். ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் கூட, ஆசனம் 168இல் 140. சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 வீதம், ஆசனம் 8. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைவு, ஆசனம் 18! நாடு முழுக்கப் பரந்து கிடந்த 30 வீதம் எட்டாகச் சுருங்கியது, வடக்கிலும் கிழக்கிலும் ஒரே இடத்தில் திரண்டு கிடந்த வாக்கு பதினெட்டாகி எதிர்க்கட்சித் தலைவர் பதவியையே கொண்டுவந்தது. வாக்கு எத்தனை என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு என்று அன்றுதான் விளங்கியது.

அந்த ஐந்தில் ஆறு... மன்னிக்கவும், ஆறில் ஐந்து பெரும்பான்மையை வைத்துத்தான் 1978இல் புது அரசியல் யாப்பு வந்தது, நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி வந்தார், தேர்தல் முறையும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசாரமாக மாறியது. அந்த முறையில் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடக்க 1989 ஆனது, ஏனென்றால் இடையில் 1982இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்து இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். இப்படி ஒன்றைத் தொட்டால் மற்றது வரும். நீங்கள் கணக்குக்காரர், உங்களுக்கு இது சுகமாக வரும். உங்கள் மாநிலத்தில் ஒரு தேர்தலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கோடவுன் காவல்:

ஷார்ஜாவில் ஒரு கோடவுனில் ராத்திரி செக்யூரிட்டி. ஸ்மித்தின் 24ஐயும் கேட்டு முடித்தவன் என்ற முறையில் வாத்தியார் ஐயாவோடு ஒரு சண்டை.

வீடியோவே வேண்டியதில்லை, ஆடியோவாகவே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் கேட்டேன், ராத்திரி சுற்றி வரும்போது ஒரு காதில் மட்டும். முதல் தடவை முக்கால் வேகத்தில். வேகம் குறைத்தால் குடித்தவன் பேசுகிற மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். சில லெக்சரை நாலு தடவை கேட்டிருக்கிறேன், பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் வேறு என்ன செய்வது.

பிளேட்டோவை விட்டுவிட்டுப் போகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். குடியரசின் ஆரம்பத்திலேயே திராசிமாக்கஸ் என்று ஒருத்தன் வருவான், சபையில் பாய்ந்து வந்து, நீதி நீதி என்கிறீர்களே, பலம் உள்ளவனுக்கு எது ஆதாயமோ அதற்குப் பெயர்தான் நீதி, ஆட்சியில் இருக்கிறவன் தனக்கு வசதியாகச் சட்டம் போட்டுவிட்டு அதையே நியாயம் என்பான் என்று கத்துவான். இதை எங்கள் டீக்கடையில் தினம் கேட்டிருக்கிறேன், இந்த நாட்டில் அரபிக்கு ஒரு கணக்கு நமக்கு ஒரு கணக்கு என்று பேசும்போது நானே சொல்லியும் இருக்கிறேன். சாக்ரடீஸ் அவனை மடக்குகிறார், ஆனால் எனக்கு அது முழுசாகத் திருப்தி இல்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் திருப்தி இல்லை, அதனால்தான் அடுத்து இத்தனை பெரிய பேச்சே நடக்கிறது. கவர்னர் பெரியவரா சட்டசபை பெரிதா என்று உங்கள் பையன் கேட்டதற்கும் திராசிமாக்கஸ் கேட்டதற்கும் என்ன வித்தியாசம்? நாலாவதில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்திருந்தால் பத்து, பதினொன்றில், அதிகாரத்தைப் பிடிப்பதைப் பற்றி எழுதின மாக்கியவெல்லி வந்துவிடுவார், அப்புறம் யாரும் தள்ளவேண்டாம், தானாக ஓடும்.

பழைய பலகை:

கோடவுன் தம்பி, தோற்றேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் திராசிமாக்கஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அதை நான் இரண்டு வரி நோட்ஸில் "வலிமையே நீதி என்பது இவர் கருத்து" என்று முடித்திருந்தேன். நாலு தடவை கேட்டேன் என்கிறீர்கள் பாருங்கள், என் மாணவர் யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்கவைக்கவில்லை.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி, பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, ஷிப்மென்ட் நேரம்.

முதலில் சாண்டலைப் பார்த்தேன். முதல் எபிசோடில் ஒரு கேள்வி வரும், எல்லாருக்கும் தெரிந்ததாம், எனக்குப் புதுசு. பிரேக் பிடிக்காத டிராம் வண்டி, நேரே போனால் தண்டவாளத்தில் ஐந்து தொழிலாளிகள் சாவார்கள், பக்கத்துத் தடத்தில் திருப்பினால் ஒருத்தர். என்ன செய்வாய்? அதோடு ஒரு நிஜ வழக்கும் வருகிறது, 1884இல் நடுக்கடலில் படகு மூழ்கி நாலு பேர் தவித்தபோது, பசி தாங்காமல் உடம்புக்கு முடியாத பதினேழு வயசுப் பையனைக் கொன்று தின்றது. அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை. டிராம் கதையை மட்டும் அம்மாவிடம் சொன்னேன், அவர் பூப்பறித்துக்கொண்டே கேட்டார். பையன் திருப்பலாம் என்றான், நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது: "பிரேக் இல்லாத வண்டியை ரோட்டுல எவன் விட்டான்? ஆள் வேலை செய்யற இடத்துல வண்டி எப்படி வருது?" இப்படி ஹார்வர்டில் யாரும் கேட்கவில்லை. அம்மா முப்பது வருடம் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை பார்த்தவர், பாய்லர் வெடித்து ஆள் போனதைப் பார்த்தவர், அவருக்கு யாரைச் சாகவிடுவது என்ற கேள்வியே தப்பாகப்பட்டது. அதுவும் அரசியல்தானே?

அப்புறம் வாத்தியார் ஐயா சொன்ன 1949 விவாதம். அச்சடித்து எடுத்ததில் பையன் டி.டி.கே பேச்சைச் சத்தமாகப் படித்தான், நான் நேருவுடையதைப் படித்தேன், இங்கிலீஷ் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் லெக்சரைவிட லேசாக இருந்தது, ஏனென்றால் என்ன சண்டை என்று முன்னாடியே தெரியும். பையன் இப்போது தேர்ந்தெடுத்த கவர்னர் கட்சியில் நிற்கிறான், நான் எதிர்க்கட்சி. இன்னும் முடியவில்லை.

வடமராட்சித் தம்பி சொன்ன கணக்கைத்தான் ரசித்துச் செய்தேன். 2014 எம்.பி தேர்தல் எடுத்தேன். அ.தி.மு.க. 44 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், 39க்கு 37. தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல், பூஜ்யம். மீதி இரண்டு கன்னியாகுமரியும் தர்மபுரியும், ஒன்று பா.ஜ.க., ஒன்று பா.ம.க. எங்கள் டேலி கணக்கில் இப்படி வந்தால் எங்கேயோ என்ட்ரி தப்பு என்று ராத்திரி முழுக்க வவுச்சர் புரட்டுவேன். நாலு பேரில் ஒருத்தர் போட்ட ஓட்டு கிட்டத்தட்ட அப்படியே காணாமல் போயிருக்கிறது, பேலன்ஸ் ஷீட் கையெழுத்தாகிவிட்டது! கோடவுன் அண்ணனுக்கு: நாலாவது லெக்சரை உரை படித்துவிட்டு மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை போய்ச் சேர்ந்தேன். திராசிமாக்கஸ் எங்கள் பழைய சூப்பர்வைசர் மாதிரியே பேசுகிறார்.

ஒரு சந்தேகம், தம்பிக்கு. விகிதாசார முறையில் ஓட்டு வீணாகாது சரி. ஆனால் தெருவில் சாக்கடை அடைத்தால், இவர் எங்கள் தொகுதிக்காரர் என்று யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்?

வடமராட்சியான்:

சாக்கடை பிரதேச சபை வேலை அக்கா, பாராளுமன்றம் வரை போகவேண்டாம். ஆனால் கேட்டது நல்ல கேள்வி. எங்களிடம் உங்களைப் போல ஒரு தொகுதிக்கு ஒரு ஆள் இல்லை. 22 தேர்தல் மாவட்டம், அவற்றிலிருந்து 196 பேர், தேசியப் பட்டியலில் 29 பேர், மொத்தம் 225. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் அதற்குள்தான், 2024இல் 6 பேர். ஆறு பேருமே என் எம்.பி. தேர்தல் நேரம் ஆறு பேரும் வருவார்கள், பிறகு தேடினால் ஒவ்வொருவரும் மற்ற ஐவரைக் காட்டுவார்கள்.

அதோடு ஒரு கட்சிக்கு வாக்களித்த பிறகு அதே கட்சியில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். அதனால் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரரோடு அடிபடுவதைவிடச் சொந்தக் கட்சிக்காரரோடு அடிபடுவதுதான் கூட, ஒருவர் ஒட்டிய சுவரொட்டியின் மேல் அதே கட்சியின் அடுத்த வேட்பாளர் ஒட்டிவிட்டுப் போவார். உங்கள் பேலன்ஸ் ஷீட் எங்களிடம் சரியாக வரும், ஆனால் கையெழுத்துப் போட்டது யார் என்றுதான் தெரியாது. ஜெர்மனியில் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறார்கள், ஒரு வாக்கு ஆளுக்கு, ஒரு வாக்கு கட்சிக்கு. அதைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், எந்தப் பக்கம் நிற்கிறான் என்று எழுதுங்கள்.